முதியோர் மறுவாழ்வு இல்லத்தை எடை போடுவது எப்படி?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உத்தியோகத்துக்காக டில்லி வந்தவர்கள் நாம். இப்போது நமக்கும் வயதாகிவிட்டது. ஊரில் தனியே இருக்க முடியாத மூத்தவர்கள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். இந்த நிலையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தாலோ, பக்கவாதம் வந்தாலோ, ஆஸ்பத்திரியில் சில நாட்களில் 'சிகிச்சை முடிந்தது, அழைத்துப் போகலாம்' என்று சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்களுக்கு எங்கே போவது?

எங்கள் மயூர் விஹாரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்குள்ள டி.டி.ஏ. குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் வீடு இருந்தால் நடக்க முடியாதவரை எப்படி ஏற்றுவது, மருத்துவரிடம் காட்ட எப்படி இறக்குவது? இதற்காகவே 'ரிஹேபிலிடேஷன் சென்டர்' எனப்படும் மறுவாழ்வு இல்லங்கள் டில்லியிலும் நொய்டாவிலும் குர்காவிலும் பெருகி வருகின்றன. அவற்றில் நல்லது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? என் குடும்பத்துக்கு இந்தத் தேவை வந்தபோது பார்த்ததையும் படித்ததையும் நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' என்றால் முதியோர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம். நம் நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரி. டில்லியில் அவற்றைப் பதிவு செய்வதற்கென்று 1953ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. 'முதியோர் இல்லம்' என்பது தங்குமிடமும் உணவும் தருவது. அங்கே நர்ஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் எழுதுவது மூன்றாவது வகையைப் பற்றி. அது நோய் தீர்ந்தபின் பெரியவரை மறுபடி எழுப்பி நடமாட வைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டிய இடம்.

இந்த மூன்றாவது வகைக்கு அரசின் கண்காணிப்பு போதவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாக 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அவை ஆதரவற்ற ஏழை முதியோருக்கானவை. பராமரிப்பு இல்லங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வந்தது. அது நிறைவேறவே இல்லை; 2024இல் அந்த மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. ஆகவே இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வேலையைக் குடும்பத்தாரே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று வகை அளவுகோல்

மருத்துவத்தின் தரத்தை எப்படி அளப்பது என்பதை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்றார் அவர். முதலாவது அமைப்பு: கட்டடம், கருவி, ஆட்கள். இரண்டாவது செயல்முறை: அந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள், எப்போது செய்கிறார்கள். மூன்றாவது விளைவு: நோயாளிக்கு என்ன ஆயிற்று.

ரயில்வேயில் பணியாற்றிய எனக்கு இது சட்டென்று விளங்கியது. ஜகாதரி ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்குப் பி.ஓ.எச். என்ற முழுப் பராமரிப்பு நடக்கும். வெளியே வரும் பெட்டி புது வர்ணத்தில் பளபளக்கும். ஆனால் வேலையின் தரத்தை வர்ணத்தை வைத்து யாரும் மதிப்பிடுவதில்லை. போன பெட்டி நூறு நாளுக்குள் பழுதாகித் திரும்பி வந்ததா என்றுதான் கேட்பார்கள். மறுவாழ்வு இல்லங்களைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் வர்ணத்தையே பார்த்துத் திரும்புகிறார்கள். கிரானைட் தரை, ஏ.சி., தொலைக்காட்சி, வரவேற்பறையில் பூச்சாடி. இவையெல்லாம் முதல் வகையில் அடங்கியவை, அதிலும் மேலோட்டமானவை.

விளைவை அளக்க ஓர் எளிய கருவி இருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் புளாரன்ஸ் மகோனி என்ற மருத்துவரும் டோரத்தியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் வெளியிட்ட பட்டியல் அது. 'பார்த்தெல் குறியீடு' என்பார்கள். பத்து அன்றாடச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவதற்கு 10, குளிப்பதற்கு 5, தலைவாரி முகம் கழுவுவதற்கு 5, உடை உடுத்த 10, மலக் கட்டுப்பாடு 10, சிறுநீர்க் கட்டுப்பாடு 10, கழிப்பறை உபயோகம் 10, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது 15, நடப்பது 15, மாடிப்படி ஏறுவது 10. தானே செய்தால் முழு மதிப்பெண், உதவியோடு செய்தால் குறைவு, முடியாவிட்டால் பூஜ்யம். இதை முறையாகப் போட வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட் என்றாலும், வீட்டாரும் ஒரு நோட்டில் குறித்து வரலாம். பக்கவாதம், எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு இது நன்றாக உதவும். மறதி நோய் முற்றியவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்கள் விஷயத்தில் இருப்பதைக் காப்பதும் நிம்மதியாக வைத்திருப்பதுமே இலக்கு.

அக்காவின் கணக்கு

என் அக்காவுக்கு 74 வயது. எங்களோடு மூன்றாவது மாடியில் இருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவருடைய மதிப்பெண் 40. கையால் சாப்பிடுவார், சிறுநீர் வந்தால் சொல்வார். ஆனால் நடக்க முடியாது. அப்போது அருகில் இடம் காலியாக இருந்த ஓர் இல்லத்தில் சேர்த்தோம். புதுக் கட்டடம், உயர்ந்த கட்டணம்.

மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது 35. குறைந்த அந்த 5 எது என்று தேடினால், சிறுநீர்க் கட்டுப்பாடு. அக்காவுக்கு ஹிந்தி கொஞ்சம் தெரியும். ஆனால் வலியிலும் அரைத் தூக்கத்திலும் வாயில் வருவது தமிழ்தான். "தம்பி, ராத்திரி எத்தனை தடவை கூப்பிட்டாலும் யாருக்கும் புரியலை. கடைசியில டயப்பரைக் கட்டிட்டாங்க" என்றார். டயப்பர் கட்டியபின் அவரை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. எழுந்திருக்காததால் காலும் வலுப்பெறவில்லை. மூன்று வாரத்தில் ஒரு பெரியவர் நிரந்தரப் படுக்கையை நோக்கி நகர்வது இப்படித்தான். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அறை சுத்தமாகவே இருந்தது.

பிறகு வேறொரு சிறிய இல்லத்துக்கு மாற்றினோம். பழைய வீடு, வர்ணம் மங்கியது. அங்கே பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போனார்கள். 'வலிக்குது, தண்ணீர், பாத்ரூம், போதும், குளிருது' என்று இருபது தமிழ்ச் சொற்களை ஹிந்தி எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த உதவியாளர் பெண் ஒரே வாரத்தில் அவற்றைப் படித்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் மதிப்பெண் 75 ஆயிற்று. மாடிப்படி ஒருவர் துணையோடு ஏறினால் 5 மதிப்பெண். அந்த 5 கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இன்று வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். ரசமும் அவரே தாளிக்கிறார்.

நேரில் போகும்போது கவனிக்க வேண்டியவை

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேர் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லோரும் படுத்திருந்தால், அந்த இடம் யாரையும் எழுப்புவதில்லை என்று அர்த்தம்.

இரவு ஷிப்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்களில் ஜி.என்.எம். படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் எத்தனை பேர், பயிற்சி இல்லாத உதவியாளர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். வெள்ளைச் சீருடை அணிந்தவரெல்லாம் நர்ஸ் இல்லை.

பிசியோதெரபி தினமும் எத்தனை நிமிடம், யார் தருகிறார், கருவி வைப்பதோடு சரியா, நடக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். சேர்க்கும் அன்றே இலக்கை எழுதி வாங்குவது நல்லது. 'ஆறு வாரத்தில் துணையோடு மூன்று மாடி ஏற வேண்டும்' என்பது இலக்கு. 'நன்றாகப் பார்த்துக்கொள்வோம்' என்பது வெறும் உபசார வார்த்தை.

தானாகப் புரள முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது நெடுங்காலமாக உள்ள வழக்கம். இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். அதற்கான அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாள் முழுக்க எல்லா நேரமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால், வேலை காகிதத்தில் மட்டும் நடந்திருக்கிறது.

'எங்கள் இல்லத்தில் இதுவரை யாரும் விழுந்ததே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். யாரையும் நடக்கவிடாத இடத்தில் யாரும் விழமாட்டார்கள். விழுந்தவர் எத்தனை பேர், அதன்பின் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த இல்லமே மேல்.

தீயணைப்பு ஏற்பாட்டைக் கட்டாயம் பாருங்கள். 2023 ஜனவரி முதல் தேதி அதிகாலையில் தெற்கு டில்லி கிரேட்டர் கைலாஷில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தீப்பற்றி இரண்டு மூதாட்டிகள் உயிரிழந்தார்கள். மேல் மாடியில் நடக்க முடியாதவர்களை வைத்திருந்தால், மின்சாரம் போனபின் எந்த வழியாக, யார் தூக்கி இறக்குவார்கள்? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கட்டணத்தில் எது அடங்கும், டயப்பர், மருந்து, தனி உதவியாளர் ஆகியவற்றுக்கு எவ்வளவு கூடுதல் என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பருக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கும் இடத்தில் அதைக் கழற்றுவதில் யாருக்கு அக்கறை இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அமெரிக்க அனுபவம்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் 'அங்கே போல இங்கும் நட்சத்திரம் கொடுத்தால் தேவலை' என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே 1987இல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற மிக உயர்ந்த நிலையை அடையவும் காக்கவும் இல்லம் உதவ வேண்டும் என்று அது விதித்தது. கட்டிப் போடுவதையும் கட்டுப்படுத்தியது. 2008 டிசம்பரில் அரசே இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. அரசின் நேரடிச் சோதனை ஒரு பகுதி. ஆட்களின் எண்ணிக்கையும் தரக் கணக்கும் மற்ற பகுதிகள். இந்தப் பின்னிரண்டையும் அன்று இல்லங்களே எழுதிக் கொடுத்தன. தமக்குத் தாமே மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகார்கள் எழுந்து, 2016 முதல் ஆட்கணக்கைச் சம்பளப் பட்டியலோடு சேர்த்து வாங்கும் முறை வந்தது. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே கணக்கைச் சரிபார்க்க இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், விளம்பரத் தாளில் அச்சிட்ட புகழுரையை நாம் எவ்வளவு நம்பலாம்?

சங்கத்தார் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவத்துக்கு நல்ல அடித்தளம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் டில்லியில் படுத்திருக்கும் தமிழ்ப் பெரியவருக்கு உடனடித் தேவை, அவர் மொழியில் 'என்ன வேணும் அம்மா?' என்று கேட்க ஓர் ஆள்.

மயூர் விஹார், பட்பர்கஞ்ச், நொய்டா பகுதிகளில் ஓய்வு பெற்ற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஞாயிறுதோறும் இருவர் வீதம் இந்த இல்லங்களுக்குப் போய் நம்மவர்களைப் பார்த்துவரலாம். கண்டதை, தேதியோடு, ஒரு பொது நோட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த குடும்பத்துக்கு அவசரம் வரும்போது அந்த நோட்டு உதவும். வருகிறவர்கள் உண்டு என்று தெரிந்தாலே இல்லங்களின் கவனிப்பும் கூடும். முதியோர் யாரேனும் கொடுமைக்கு ஆளாவதாகத் தெரிந்தால் 14567 என்ற 'எல்டர் லைன்' தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

பெரியவர்களை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதாகாது. சேர்த்துவிட்டுக் கணக்குப் பார்க்காமல் இருப்பதே கைவிடுவது. ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்துக் கேள்விகள், பதினைந்து நாளைக்கு ஒரு முறை கூட்டல். எண் ஏறினால் நன்றி சொல்லித் தொடருங்கள். ஏறாமல் நின்றால் காரணம் கேளுங்கள். இறங்கினால் இடத்தை மாற்றத் தயங்காதீர்கள்.