ஏலக்காய்க் கணக்கை வகுப்புச் சுவரில் வரைய

போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தின் முடிவுகளை நறுமணப் பொருள்கள் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தேதி, லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை என்று நீளும் அட்டவணை அது. காலையில் ஜீப்பேறி மலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் வகுப்புக்கு, இதைவிட நெருக்கமான கணக்கு கிடைப்பது அரிது. ஆனால் அட்டவணையை அப்படியே கரும்பலகையில் எழுதினால் யார் மனதிலும் தங்காது. பார்த்தவுடன் பிடிபடும் படமாக அதை மாற்றித் தருவதுதான் இன்ஃபோகிராஃபிக்.

படத்துக்கு முன்னால் கேள்வி வேண்டும், அதுவும் ஒரே கேள்வி. எத்தனை கிலோ பச்சைக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும்? ஏறக்குறைய ஐந்து கிலோ. இதை வரையச் சொன்னால் பலரும் ஒரு மூட்டையை ஐந்து மடங்கு உயரத்துக்கு இழுத்துவிடுவார்கள். உயரம் கூடும்போது அகலமும் சேர்ந்து கூடும். பரப்பு இருபத்தைந்து மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பைத்தான். வியன்னாவில் 1925-இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஓட்டோ நியூராத் இதற்கு ஒரு விதி வகுத்தார்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே உருவத்தைத் திரும்பத் திரும்ப வை. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற இந்த முறைக்கு ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் ஆயிரக்கணக்கான சின்னங்களை வரைந்து தந்தார்.

இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் இது எளிய வேலை. மூலை வளைந்த ஒரு செவ்வகம், மேலே கட்டிய வாய்க்கு ஒரு சிறு முக்கோணம். இரண்டையும் குழுவாக்கினால் மூட்டை தயார். கண்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் அதன்மேலேயே ஒரு நகல் விழும். கண்ட்ரோலைப் பிடித்தபடி இழுத்தால் கோணாமல் நேர்கோட்டில் நகரும். மேல் வரிசையில் ஐந்து பச்சை மூட்டை, கீழே ஒன்று. அவ்வளவுதான். இங்க்ஸ்கேப் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையடிவாரப் பள்ளிக்கு அது பெரிய வசதி. கேன்வா இன்னும் சுலபம், ஆசிரியர்களுக்கான கல்விப் பதிப்பும் இலவசம். ஆனால் இணைய இணைப்பு வேண்டும்.

தோட்டங்கள் இருக்கும் உயரத்தைக் காட்ட நெட்டுக்குத்தான அளவுகோல் பொருந்தும். போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அடிவாரத்தில் மாவும் இலவும், சரிவில் காபியும் மிளகும், அதற்கு மேலே நிழல்மரங்களின் கீழே ஏலம் என்று கோட்டின் ஓரத்தில் செடிகளை நட்டுக்கொண்டே போகலாம்.

விலைப்படத்தில்தான் அதிகக் கவனம் தேவை. உதாரணத்துக்கு, விலை கிலோ 2,000 ரூபாயிலிருந்து 2,400 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு. பட்டையின் அடியை 1,900-இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கும். எண் சரி, படம் பொய். பட்டை எப்போதும் சுழியத்தில் தொடங்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது செய்தியானது. அது உச்ச விலை, அதாவது தரமான ஒரு லாட்டுக்குக் கிடைத்த தொகை. விவசாயியின் கைக்கு வந்ததைக் காட்ட வேண்டுமானால் சராசரியைத்தான் வரைய வேண்டும்.

எழுத்துக்கு யூனிகோட் எழுத்துருதான் நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாமே இலவசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியலாம்.

கடைசியாக, படத்தைக் கருப்பு வெள்ளையில் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பது அவசியம். காபிப் பழத்தின் சிவப்பும் ஏலக்காயின் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். காபிக்குப் புள்ளி, ஏலத்துக்குச் சாய்கோடு என்று போட்டுவிட்டால் அவர்களுக்கும் படம் தெளிவாகத் தெரியும்.