சாடியிற் கள்ளியும் அதற்கேற்ற மண்ணும்

வீட்டு முகப்பிலும் சன்னலோரத்திலும் சிறு சாடிகளிற் கள்ளி வளர்ப்பது இன்று பலருக்கு இனிய பொழுதுபோக்காகிவிட்டது. பூச்செடிகளைப்போல நாள்தோறும் நீர் வேண்டிநில்லாத இச்செடி, வேலை மிகுந்த வீட்டாருக்கும் ஏற்றதே. ஆயினும் கோடை முழுவதும் செம்மாந்து நின்ற கள்ளி, ஐப்பசி கார்த்திகை மாரியில் அடி மென்மையாகி, நிறம் கருகி, ஒரு நாட் காலையிற் சாய்ந்து கிடப்பதைக் கண்டு வருந்துவோர் பலர். ‘தண்ணீர் கூடிப்போயிற்று’ என்று அவர்கள் கூறுவர். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மறுபாதி சாடியிலுள்ள மண்ணில் இருக்கின்றது. அந்த மறுபாதி எதுவென அறிந்துகொண்டால், பல செடிகளைக் காப்பாற்றலாம்.

முதலிற் கள்ளி என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். பாலைநிலத்தைப் பாடிய சங்கப் புலவர் காட்டும் கள்ளி, உடைத்தாற் பால் வடியும் நம் நாட்டுச் செடியாகும். சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி என்பன அவ்வினத்தைச் சேர்ந்தவை. சாடிகளிற் பெரிதும் வளர்க்கப்படுவதோ கக்டஸ் எனப்படும் வேறொரு குடும்பம். இதன் முட்கள் சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாக எழும். நாகதாளியும் இக்குடும்பத்ததே. 1,500க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். அவற்றுட் பல, கற்சரிவுகளிலும் பரல் நிறைந்த வறண்ட நிலங்களிலும் வளர்கின்றன. அங்கு மழை அரிதாகப் பெய்யும். பெய்த நீர் விரைந்து வடிந்துவிடும். கள்ளி அதற்கிடையில் வேண்டிய நீரை உறிஞ்சித் தன் தண்டினுள் சேமித்துக்கொள்கின்றது. பகலில் இலைவாய்களை மூடி வைத்து, குளிர்ந்த இரவில் அவற்றைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்வதால் நீரை இழப்பதும் சிறிதே. இவ்வாறு வரவை விரைந்து பெற்றுச் செலவைச் சுருக்கி வாழும் செடியின் வேர், நாட்கணக்காக ஈரத்தில் நிற்பதற்கு அமைந்ததன்று.

ஈரம் வேரைக் கொல்வது எவ்வாறு? வேரும் சுவாசிக்கின்றது. மண்துகள்களுக்கிடையே உள்ள வெளிகளிற் காற்று இருந்தால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்கும். அவ்வெளிகளை நீர் அடைத்துக்கொண்டால், ஒட்சிசன் நீரினூடாகவே வேரை அடைதல் வேண்டும். நீரில் அது பரவும் வேகமோ, காற்றிற் பரவும் வேகத்தில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்கு மாத்திரமே. மூச்சு முட்டிய வேர் நலிவுறுகின்றது. நலிந்த வேரைப் பங்கசுகள் பற்றுகின்றன. அழுகல் வேரிலிருந்து தண்டுக்கு ஏறுகின்றது. வெளியிலே அடையாளம் தோன்றும்போது உள்ளே பெரும்பகுதி அழிந்திருக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். யாழ்ப்பாணத்துச் செம்மண் மழைநீரை விரைவாக உள்வாங்கும் மண்ணன்றோ? அதனையே சாடியில் இட்டாற் போதாதா என்பர். போதாது. தோட்டத்திலே மண்ணுக்குக் கீழும் மண்; அதற்குக் கீழ் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். நீர் தொடர்ச்சியாகக் கீழ்நோக்கி இழுக்கப்பட்டுச் சென்றுவிடும். சாடியில் மண் ஒரு சாண் ஆழத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. நுண்ணிய வெளிகள் மயிர்த்துளைக் கவர்ச்சியால் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள, சாடியின் அடியில் எப்போதும் ஓர் ஈரப்படை தங்கிவிடுகின்றது.

இதனை நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பொஞ்சுக் கட்டி ஒன்றை நன்றாக நனைத்து, கிடையாகப் பிடித்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். பின் அதனை நெட்டாக நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் வடியும். கட்டி மாறவில்லை, உயரமே மாறியது. ஆகவே ஒரே மண் தட்டையான சாடியில் அதிக ஈரமாகவும், உயர்ந்த சாடியில் மேற்பகுதி காற்றோட்டமாகவும் இருக்கும்.

சாடியின் அடியிற் கல்லும் ஓட்டுத்துண்டும் ஒரு படையாக இட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், தன் மண் முற்றாக ஊறி நிறையும்வரை கீழேயுள்ள பெரிய வெளிகளுக்குள் இறங்குவதில்லை. எனவே ஈரப்படை நீங்காது. கற்படையின் மேலே ஏறி, வேருக்கு இன்னும் அண்மையில் நிற்கும். துளையை மண் அடைக்காதபடி ஓர் ஓட்டுத்துண்டோ சிறிது நுளம்பு வலையோ வைத்தாற் போதும். கல் அடியில் இருப்பதைவிட மண்ணோடு மண்ணாய்க் கலந்திருப்பதே பயன் தரும்.

எத்தகைய கல் வேண்டும்? பருமனே இங்கு முதன்மையானது. ஏறக்குறைய 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையுள்ள துண்டுகள் ஏற்றவை. உடைத்த செங்கல், பழைய ஓட்டுத்துண்டு, கருங்கற் சல்லி ஆகியன எளிதிற் கிடைக்கும். செங்கல்லும் ஓடும் தம்முள் சிறிது நீரை ஏற்று, துண்டுகளுக்கிடையே காற்றையும் வைத்திருக்கும். இவற்றை அரிதட்டில் அரித்து, தூளை அகற்றி, கழுவி எடுத்தல் வேண்டும். தூளை நீக்காமல் விடுவதும், நுண்மணலைச் சேர்ப்பதும் முழு உழைப்பையும் வீணாக்கும். பாக்கு நிரப்பிய கடகத்தினுள் குரக்கனைக் கொட்டினால் இடைவெளியெல்லாம் அடைபடுமன்றோ? அதுவே சாடியிலும் நிகழ்கின்றது. கடற்கரை மணல் பெரும்பாலும் நுண்ணியது, உப்பும் உடையது. அதனைத் தவிர்த்து, பருத்த ஆற்றுமணலை அரித்துக் கழுவிப் பயன்படுத்துக.

உணவுப்பகுதிக்கு நன்கு மக்கிய இலையுரம் ஏற்றது. தும்புத்தூள் தன் நிறையைப்போலப் பன்மடங்கு நீரை ஏற்பதால், அதனை உப்பு நீங்கக் கழுவிச் சிறிதளவே சேர்க்கலாம். மக்காத சாணம் ஆகாது. அது வேரைச் சுடும். தழைச்சத்து மிகுந்தால், செடி கொழுத்து மென்மையாகி அழுகலுக்கு எளிதில் இடங்கொடுக்கும்.

யாழ்ப்பாணம், மன்னார் போன்ற உலர்ந்த பகுதிகளில், கற்துண்டும் பருமணலும் 4 பங்கு, செம்மண் 1 பங்கு, இலையுரம் 1 பங்கு எனக் கலக்கலாம். கொழும்பு, இரத்தினபுரி போன்ற ஈரப் பகுதிகளில் செம்மண்ணை விடுத்து, கற்பகுதியை 5 பங்காக்குதல் நன்று. கலவையைச் சிறிது நனைத்துக் கைப்பிடியில் இறுக்கிப் பின் விரித்தால், அது உருண்டையாக நில்லாது உதிர்தல் வேண்டும்.

இன்னும் நுட்பமான சோதனையும் உண்டு. ஒரு லீற்றர் கொள்ளும் பேணியின் அடியில் துளைகளிட்டு அடைத்து, கலவையால் நிரப்பி, மேல்மட்டம் மினுங்கும்வரை மெதுவாக நீர் ஊற்றுக. கலவை நன்றாக ஊறிய பின் அடைப்பை நீக்கி, வடியும் நீரை அளந்து பார்க்க. வடிந்த நீர் எவ்வளவோ, அவ்வளவு இடத்தையே இனிக் காற்று நிரப்பும். அது 200 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் கற்பகுதியைக் கூட்டுக.

குடாநாட்டாருக்கு மற்றுமொரு கவனம் வேண்டும். கள்ளிகளுட் பல சற்றே அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்புவன. சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் கிணற்றுநீரோ அமிலத்தை முறித்து, சாடியின் விளிம்பில் வெண்ணிறப் பொருக்காகப் படிகின்றது. ஆதலால் சுண்ணாம்புக்கற் சல்லியைக் கலவையிற் சேர்க்காது, இயன்றபோது மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் சிறந்தது.

செடியை மாற்றி நடும்போது, அதன் வேர்த்தொகுதியைவிட ஒரு விரல் அகலம் மாத்திரம் பெரிதான, துளையுள்ள மண்சாடியைத் தெரிக. பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். கருகிய வேர்களை வெட்டி, உலர்ந்த கலவையில் நட்டு, காயம் ஆறும் பொருட்டு ஒரு கிழமை நீர் ஊற்றாது விடுக. பின்பு ஊற்றும்போது துளையால் வடியும்வரை ஊற்றி, முற்றாகக் காய்ந்தபின்பே மீண்டும் ஊற்றுக. மாரியில் தாழ்வாரத்தினுள் எடுத்துவைத்தல் எக்கலவைக்கும் துணையாகும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. கக்டஸ் குடும்பத்தில் அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே இனமான ரிப்சாலிஸ் பக்சிபெரா, இலங்கையிலும் காட்டு மரங்களில் மேலொட்டியாகத் தொங்குகின்றது. மரப்பட்டையும் மக்கிய இலையும் அதன் நிலம். அதற்குக் கற்கலவை ஒவ்வாது. கரித்துண்டு, பொச்சுத்துண்டு, இலையுரம் கலந்து இடுதல் தகும். ஆகவே ஒரு செடி எங்கே பிறந்தது என்று கேட்பதே அதற்கு மண் தெரியும் வழியாகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் பெரியோர். எனினும் மழையின் அளவு மனிதர் கையில் இல்லை. மிஞ்சிய நீர் வெளியேற வழிசெய்து வைப்பதே அவர்களால் ஆவது. அடுத்த மாரி வருமுன், ஓர் அரிதட்டும் சில உடைந்த ஓடுகளும் கொண்டு அந்த வழியைச் செய்துவிடலாம்.