அட்சரகணிதமும் கேத்திரகணிதமும்: பயிற்சியில் ஓர் இணைப்பு

அட்சரகணிதத்துக்கு ஒரு கொப்பியும் கேத்திரகணிதத்துக்கு மற்றொரு கொப்பியும் வைத்துப் பழகிய மாணாக்கன், அவ்விரண்டையும் தொடர்பற்ற கலைகளென்றே பெரும்பாலும் கருதிவிடுகின்றான். முன்னையதில் விதிகளை மனனஞ் செய்கின்றான். பின்னையதில் தேற்றங்களை ஒப்புவிக்கின்றான். ஐம்பது கணக்குகளைச் செய்தவன் ஐம்பத்தோராவதிலே தடுமாறுவதற்கு இப்பிரிவினை ஒரு பெருங் காரணமாகும்.

(அ + ஆ)² என்பதை அ² + ஆ² என விரித்தெழுதும் பிழை வகுப்புத்தோறும் காணப்படுவது. 3, 4 என்னும் எண்களை இட்டுப் பார்ப்பின் ஒருபால் 49உம் மறுபால் 25உம் வரும். பிழை உண்டென்பதை எண் அறிவிக்கின்றது; அஃது எங்குள்ளதென்பதைக் காட்டுவது படமே. 7 அலகு பக்கமுள்ள சதுரமொன்றை வரைந்து, ஒரு மூலையிற் சந்திக்கும் இரு பக்கங்களையும் அம்மூலையிலிருந்து 3 அலகு தூரத்திற் பிரித்து, பிரிவிடங்களினூடே பக்கங்களுக்குச் சமாந்தரமாகக் கோடுகள் வரைக. சதுரங்கள் இரண்டோடு, 3 அலகு அகலமும் 4 அலகு நீளமுமுடைய செவ்வகங்கள் இரண்டு தோன்றும். விடுபட்ட 24 சதுர அலகுகள் அவையே. ஏறத்தாழக் கி. மு. 300 இல் வாழ்ந்த யூக்கிளிட்டு, தம் நூலின் இரண்டாம் பாகத்து நான்காந் தேற்றத்தில், அட்சரகணிதக் குறியீடு எதுவுமின்றியே இதனை நிறுவியுள்ளார்.

இருபடிச் சமன்பாட்டுக்கும் இம்முறை பொருந்தும். கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாத் நகரில் விளங்கிய அல்-குவாரிஸ்மி எடுத்தாண்ட கணக்கு, ய² + 10ய = 39 என்பது. (பாஸ்கராசாரியர் முதலிய வடமொழிக் கணித நூலோர் தெரியாக்கணியத்தை ‘யாவத்தாவத்’ என வழங்கி, ‘யா’ எனச் சுருக்கினர், ஆதலின் ‘ய’ என்னும் எழுத்து ஈண்டுப் புதிதன்று.) பக்கம் ய ஆகவுள்ள சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில், 5 அலகு அகலமான செவ்வகம் ஒவ்வொன்றைச் சேர்த்தால் மொத்தப் பரப்பு 39 ஆகும். மூலையில் 5க்கு 5 ஆன வெற்றிடம் எஞ்சும். அதனை நிரப்பின் 39 + 25 = 64 ஆகிய பெருஞ்சதுரம் கிடைக்கும்; அதன் பக்கம் 8; ஆகவே ய = 3. ‘குணகத்திற் பாதியை வர்க்கித்து இருபுறமுங் கூட்டுக’ என்று கண்மூடி ஒப்புவிக்கப்படும் விதி, உண்மையில் அம்மூலையை நிரப்புதலேயாம்.

எனினும் படம் அனைத்தையும் கூறுவதன்று. −13உம் இச்சமன்பாட்டுக்கு மூலமாகும்: 169 − 130 = 39. நீளமாக வரையவியலாத அம்மூலத்தை அல்-குவாரிஸ்மி கணக்கிற் கொள்ளவில்லை. குறியீட்டின் வலிமை இங்கே புலப்படும். மறுபுறம், அகலத்தினும் நீளம் 7 அலகு மிகுந்த செவ்வகமொன்றின் பரப்பு 60 எனின், அகலத்துக்கு 5, −12 என்னும் இரு விடைகள் வரும். பின்னையதை நீக்கவேண்டுமென்று சமன்பாடு சொல்லாது. கணக்கின் பொருளே சொல்லும். இரண்டையும் எழுதி, ஒன்றை நீக்கிய காரணத்தையும் ஒரு வரியிற் குறித்தல் நல்ல பழக்கமாம்.

இனி, ய² − 10ய = 39 என்பதற்குப் படம் வரைய முயல்வோர், சதுரத்திலிருந்து 5 அலகு அகலமான இரு பட்டிகளை வெட்டும்போது மூலைச் சதுரம் இருமுறை கழிக்கப்படுவதைக் காண்பர். அதனால் 25ஐ ஒருமுறை திருப்பிக் கூட்டவேண்டியதாகும். மூலங்கள் 13, −3 ஆகும். முன்னைய மூலங்களே குறி மாறி வந்துள்ளன.