புதிதாக ரைபிள் பெற்ற குடியானவர் அறிய வேண்டியவை

மலையடிவாரக் கிராமங்களில் பயிரைக் காக்கும் பொருட்டும் உயிருக்குப் பாதுகாப்பாகவும் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் உளர். அவர்களிற் பெரும்பாலோர் துப்பாக்கியை வாங்குமுன் விலையை விசாரிக்கின்றனரேயன்றி, வாங்கியபின் அதனை எவ்வாறு கையாள்வது என்பதை விசாரிப்பதில்லை. இதனால் சில மாதங்களிலேயே குழல் துருவேறிக் கெடுகிறது. சில சமயங்களில் மனித உயிரே போய்விடுகிறது. புதிதாக ரைபிள் பெற்றவருக்கு இயல்பாக எழும் ஐயங்களுக்குரிய விடைகள் கீழே தரப்படுகின்றன.

ரைபிளுக்கும் ரவைத் துப்பாக்கிக்கும் வேற்றுமை யாது?

ரவைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதிலிருந்து பல சிறு ரவைகள் சிதறிப் பாய்ந்து, சிறிது தூரத்திலேயே வேகம் குன்றிவிடும். ரைபிளின் குழலினுள்ளே திருகு போன்ற புரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அப்புரிகளைப் பற்றிக்கொண்டு பம்பரம் போற் சுழன்று வெளிப்படுவதால், நெடுந்தூரம் நேராகச் செல்லுகிறது. மிகச் சிறியதான '.22' ரைபிளின் குண்டே சுமார் ஒரு மைல் தூரம் செல்லவல்லது.

இந்தியாவில் குடியானவரிடையே அதிகமாக வழங்குவது '.315' ரைபிள். இது கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள இச்சாபூர் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ஆங்கிலேயர் ஆட்சியில் பட்டாளத்தாரின் '.303' தோட்டாக்கள் பொதுஜனங்களின் கைக்கு எட்டலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தமையால், வேறு அளவுள்ள தோட்டாவை உடைய இவ்வகை ரைபிள் ஏற்பட்டது. இதன் குண்டு '.22' குண்டைக் காட்டிலும் வெகுதூரம் செல்லும். ஆகையால் குறி தவறிய குண்டு அடுத்த வயலிலேயே விழுந்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிசகாகும்.

முதன்முதல் சுடுமுன் செய்ய வேண்டுவது என்ன?

தொழிற்சாலையிலிருந்து வரும் ரைபிளில் துருப்பிடியாதிருக்கக் கெட்டியான கொழுப்புப் பூசியிருப்பார்கள். அதனைக் குழலிலிருந்தும் தோட்டா அறையிலிருந்தும் முற்றிலும் துடைத்தெடுத்தல் வேண்டும். எண்ணெய்ப் பசையுடன் சுட்டால், தோட்டாவின் பித்தளைக் கூடு அறையின் சுவரைப் பற்றாமல் பின்னோக்கி வழுக்கி, போல்ட்டை மிகுந்த விசையுடன் தாக்கும். குண்டும் குறி விலகிப் பாயும்.

பின்பு போல்ட்டைக் கழற்றி, குழலின் பின்புறமாக வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தல் வேண்டும். நெடுநாள் மூலையில் நின்ற துப்பாக்கியின் குழல்வாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பதுண்டு. சேற்றில் ஊன்றினால் மண்ணும் அடைபடும். இத்தகைய அடைப்போடு சுட்டால் குழல் வெடித்து, சுடுவோரின் கையும் கண்ணும் சேதமடையும். தோட்டாவைப் பொறுத்தவரையில், குழலில் பொறிக்கப்பட்டுள்ள அளவுக்கு உரியதையன்றி வேறொன்றையும் உபயோகிக்கலாகாது.

குறி பார்ப்பது எவ்வாறு?

பின்குறியின் பிளவில் முன்குறி நடுவாக நின்று, இரண்டின் தலைமட்டமும் ஒன்றாதல் வேண்டும். கண் ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைத் தெளிவாகக் காணாது. ஆதலால் முன்குறியைத் தெளிவாகக் கண்டு, இலக்குச் சற்று மங்கலாகத் தோன்றுவதைப் பொருட்படுத்தாதிருப்பதே சரியான முறை. அடிக்கட்டையைத் தோளின் குழிவில் இறுக அணைத்தல் வேண்டும். தளர்ந்த பிடியே தோளில் அடிபடுவதற்குக் காரணம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைச் சிறிது சிறிதாக அழுத்துதல் வேண்டும். விசையைத் திடீரென்று இழுப்பதும், ஓசைக்கு அஞ்சிக் கண்ணை மூடுவதும் புதியவர்களின் பொதுவான குற்றங்கள்.

புதிய ரைபிளின் குறி சரியாயிருக்கிறதா என்பதை அங்கீகாரம் பெற்ற சுடுதளத்திலேயே சோதித்தல் வேண்டும். மணல் மூட்டையின்மேல் ரைபிளைச் சாய்த்து, 25 கஜ தூரத்தில் வைத்த காகித இலக்கை நோக்கி மூன்று முறை ஒரே விதமாகச் சுடவேண்டும். மூன்று துளைகளும் நெருங்கியிருந்து இடப்புறம் விலகியிருந்தால், குற்றம் குறியினுடையது; துளைகள் நான்கு புறமும் சிதறியிருந்தால், குற்றம் பெரும்பாலும் சுடுவோருடையது. குண்டு எத்திசையில் செல்லவேண்டுமோ அத்திசையில் பின்குறியை நகர்த்துதல் வேண்டும்; முன்குறியை நகர்த்துவதாயின் எதிர்த்திசையில் நகர்த்துதல் வேண்டும். சுடும்போது காதடைப்பான் அணிதல் அவசியம். ரைபிளின் ஓசை 140 டெசிபெல்லுக்கு மேற்பட்டது. அதனால் கெட்ட செவிப்புலன் மீண்டு வருவதில்லை.

தோட்டா வெடிக்காவிடில் என் செய்வது?

விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா, சில கணங்கள் தாமதித்து வெடிக்கக்கூடும். ஆகையால் உடனே போல்ட்டைத் திறவாமல், குழல்வாயை அபாயமற்ற திசையிலேயே நிறுத்தி, அரை நிமிஷமேனும் காத்திருந்து பின்பு தோட்டாவை வெளியேற்றுதல் வேண்டும். வழக்கத்திற்கு மாறாக மெல்லிய ஓசை கேட்டால், குண்டு குழலினுள்ளேயே தங்கியிருக்கக் கூடும். அப்பொழுது மறு தோட்டா இடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

துப்பாக்கியைச் சுத்தம் செய்வது எப்படி?

சுட்ட அன்றே சுத்தம் செய்தல் வேண்டும், மறுநாளைக்கென்று விடலாகாது. முதலில் மாகஸினையும் அறையையும் காலி செய்து, கண்ணாற் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்துகொள்ள வேண்டும். போல்ட்டை எடுத்துவிட்டு, கோலைக் குழலின் பின்புறமாகவே செலுத்துதல் வேண்டும். வாய்ப்புறமாகச் செலுத்தினால் வாயின் விளிம்பு தேயும். குண்டு குழலை விட்டுப் பிரியும் இடமாகிய அவ்விளிம்பு தேய்ந்தால் குறி என்றும் சரிப்படாது. மருந்துக் கசட்டைக் கரைக்கும் எண்ணெயில் நனைத்த துணித்துண்டு, வெண்கலத் தூரிகை, உலர்ந்த துணி என்னும் வரிசையில், துணி வெளுப்பாக வரும்வரையில் துடைத்து, கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடவேண்டும். மறுமுறை சுடுமுன் அப்பூச்சைத் துடைத்துவிட வேண்டும்.

பழைய பட்டாளத் தோட்டாக்களில் சிலவற்றின் பற்றவைக்கும் மருந்து, குழலினுள் உப்பைப் படியச் செய்வது. உப்பு ஈரத்தை இழுத்து ஓரிரவிலேயே துருவை உண்டாக்கும். அதனை எண்ணெய் கரைப்பதில்லை, வெந்நீரே கரைக்கும். ஆதலால் அத்தகைய தோட்டாக்களைச் சுட்டபின் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் இடுதல் வேண்டும்.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிப் போல்ட்டின் சுருள்வில்லை இறுகச் செய்யுமாதலால், தையல் யந்திரத்துக்குரிய மெல்லிய கனிம எண்ணெயே ஏற்றது. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனுள் ரைபிளை நெடுநாள் வைத்தலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரமொருமுறை துடைத்தல் நலம். தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க உத்தரவு வருங்கால், எண்ணெய் பூசியே ஒப்படைத்து, ரசீது பெறுதல் வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

1878-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக ஏற்பட்ட 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு விதிகளுமே இப்பொழுது அமலில் உள்ளன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. கல்யாணம், திருவிழா முதலியவற்றில் மகிழ்ச்சிக்காகப் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுடுவோருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை வரையிலும், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரையிலும் விதிக்க அத்திருத்தம் இடமளிக்கிறது.

துப்பாக்கிக்குரிய லைசென்ஸ் வேட்டைக்குரிய அனுமதியன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் உரிய அதிகாரியின் உத்தரவின்றிச் சுடலாகாது. கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அவ்வதிகாரம் அளிக்கப்பட்டபொழுதும், அவர்களது உத்தரவின்மேல் சுடுவதற்கே இடம் தரப்பட்டது.

எல்லாவற்றினும் முக்கியமானது யாது?

இரவில் கொல்லையில் சருகு சலசலத்தால் அது பன்றிதான் என்று துணிந்து சுடுவது கொடிய பிழை. தண்ணீர் பாய்ச்ச வந்த அண்டை வயற்காரராகவும் இருக்கலாம். தந்தையைத் தேடி வந்த மகனாகவும் இருக்கலாம். விலங்கின் முழு உருவமும், அதற்குப் பின்னே குண்டைத் தாங்கவல்ல மண்மேடும் தெளிவாகத் தெரிந்தாலன்றி விசையின்மேல் விரல் வைத்தலாகாது. பாறையிலும் நீரிலும் பட்ட குண்டு தெறித்து வேறு திசையிற் செல்லும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும். சேப்டி என்னும் தடையை மாத்திரம் நம்பியிருத்தலாகாது. வீட்டில் துப்பாக்கியை ஒரு பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பெட்டியிலும் பூட்டி, சாவிகளைக் குழந்தைகள் அறியாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

பயிர் ஒரு போகம் போனால் மறு போகம் விளையும். போன உயிர் மீளாது. இதனை உணர்ந்து கையாள்வோருக்கே துப்பாக்கி காவலாகும்.