பி.காம். மாணவர் சிலர் தேர்வில் தவறுவது ஏன்?

மும்பைத் தமிழர் குடும்பங்களில் பிள்ளைகளைக் காமர்ஸ் படிக்க வைக்கும் ஆசை மிகுதி. வங்கி, துறைமுகம், மசூதி பந்தர் மண்டி என எங்கு போனாலும் கணக்கு தெரிந்தவனுக்கு வேலை உண்டு என்பது அனுபவம் தந்த பாடம். கல்லூரிகளுக்கும் இங்கே குறைவில்லை. ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரி எனப்படும் சிடன்ஹாம் கல்லூரி 1913-ல் தொடங்கியது இந்நகரில்தான். தென்னிந்தியர் கல்விச் சங்கம் 1960-ல் சயானில் கல்லூரி கண்டது.

ஆயினும் ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவன் முதல் வகுப்பில் தேறுகிறான், மற்றவனுக்கு இரண்டு பாடங்களில் "கே.டி." விழுகிறது. மூளை போதாது என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

மொழித் தடை

மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்தவன் கல்லூரியில் கால் வைத்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலம். கணக்கு வராமல் அல்ல, கேள்வி புரியாமலே பலர் தவறுகின்றனர். டெபிட் என்றால் பற்று. லெட்ஜர் என்றால் பேரேடு. பாலன்ஸ் ஷீட் என்றால் ஐந்தொகை. இப்படித் தமிழில் பொருள் அறிந்து, பின் ஆங்கிலத்தில் நாள்தோறும் எழுதிப் பழகினால் பாதிச் சுமை இறங்கும்.

அடிப்படை

பதினோராம் வகுப்பில் குறிப்பேடும் பேரேடும் சரியாக விளங்காதவனுக்கு, பட்டப் படிப்பில் கம்பெனிக் கணக்கு எப்படி விளங்கும்? கணக்கு என்பது படிக்கட்டு. ஒரு படி உடைந்தால் மேலே ஏற முடியாது. கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தவனே தேறுகிறான்.

வேலையும் வருகையும்

குடும்பத்துக்கு உதவ வேலைக்குப் போகும் மாணவர் பலர். காலைக் கல்லூரி இவர்களுக்கு வரப்பிரசாதம். பகலில் சில மணி நேரம் கடையில் கணக்கு எழுதுபவனுக்கு அந்த வேலையே பாடம். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யைப் பில் போட்டே கற்றவர்கள் உண்டு. ஆனால் இரவு பத்து மணி வரை கடையில் நின்றுவிட்டு, காலை வகுப்பில் கண் அயர்பவன் நிலை வேறு. வருகை 75 சதவிகிதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். ஆண்டுக்கு இரு செமஸ்டர் என்பதால், ஒரு மாதம் அசட்டையாக இருந்தாலும் ஈடுகட்டுவது கடினம்.

பெற்றோர் கடமை

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வசிக்கும்போது படிக்க மூலை ஏது? அருகிலுள்ள படிப்பகத்தையோ கல்லூரி நூலகத்தையோ பிள்ளை பயன்படுத்தச் செய்யலாம். தேர்வு மாதத்திலாவது வேலை நேரத்தைக் குறைக்க முதலாளியிடம் பேசலாம். தந்தை குமாஸ்தாவானால், தம் அலுவலகத்தில் வவுச்சர் பேரேட்டுக்கு ஏறும் விதத்தை வீட்டில் விளக்கலாம். படிக்காத பெற்றோரும் "இன்று என்ன கணக்கு போட்டாய்?" என்று கேட்கலாம்.

கல்லூரிக்குப் போக வழியே இல்லாத உழைப்பாளிகளுக்கு, மும்பைப் பல்கலைக் கழகம் 1971-ல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி இன்று தொலைநிலைக் கல்வியாக நடக்கிறது. வழி இருக்கிறது, விடாமல் நடப்பதே வேண்டும்.