பானெட்டுக்குள் இருப்பது அசல்தானா? 1969 கமாரோவின் ‘ஜாதகம்’ பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் 1969 மாடல் செவர்லே கமாரோ ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிறம், பானெட்டின் மேல் அகலமான இரண்டு பட்டைகள், பக்கவாட்டில் ‘இசட்/28’ சின்னம். சாதாரண கமாரோவை விட விலையும் வெகு அதிகம். ஆனால் பட்டையை எந்த பெயின்டரும் அடித்துவிடுவார். சின்னம் கடையிலேயே கிடைக்கிறது. அப்படியானால் இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்தே இசட்/28 ஆக வந்ததா, இல்லை பின்னாளில் யாரோ ‘ஆக்கி’ விட்டார்களா?

நம்மூரில் பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. கமாரோ விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. காரணம், அந்தக் காலத்து செவர்லேயின் வண்டி எண் ரொம்பவே கஞ்சத்தனமானது.

எண் சொல்வதும் மறைப்பதும்

124379என்500001 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள 1 செவர்லேயைக் குறிக்கும். 24 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ. 23 என்றிருந்தால் ஆறு சிலிண்டர். 37 என்பது கூபே, 67 என்றால் கன்வெர்ட்டிபிள். 9 என்பது 1969. ‘என்’ என்பது ஓஹியோ மாகாணத்து நார்வுட் ஆலை. ‘எல்’ என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ். மீதி வரிசை எண்.

அவ்வளவுதான். எட்டு சிலிண்டர் என்பதற்கு மேல் எந்த இன்ஜின் என்று ஒரு வார்த்தை இல்லை. அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கில் வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்திலேயே இன்ஜினுக்கான எழுத்து இருக்கும். ‘கே’ என்று இருந்தால் 271 குதிரைத்திறன் கொண்ட 289 இன்ஜின் என்று உடனே சொல்லிவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி எண்ணில் அப்படியொரு எழுத்து 1972 மாடலில்தான் வந்தது.

இருந்தாலும் எண்ணை வைத்தே சிலதைத் தள்ளிவிடலாம். 23 என்று தொடங்கும் ஆறு சிலிண்டர் வண்டியோ, 67 என்றிருக்கும் கன்வெர்ட்டிபிளோ 1969 இசட்/28 ஆக இருக்க முடியாது. ஆட்டோமேட்டிக் கியரும் தொழிற்சாலை ஏ.சி.யும் அந்த வண்டிக்குக் கிடையாது. ‘ஒரிஜினல் இசட்/28, கம்பெனி ஏ.சி.யோட’ என்று ஒருவர் சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

பேசுவது இன்ஜின்தான்

இசட்/28 என்பது உண்மையில் ஆர்டர் படிவத்தில் இருந்த ஆப்ஷன் குறியீடு. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதிக்காக, 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட 302 கன அங்குல இன்ஜின் செய்யப்பட்டது. 1967-ல் விற்றது வெறும் 602 வண்டிகள். அவற்றில் இசட்/28 என்ற சின்னமே கிடையாது.

இன்ஜின் பிளாக்கின் முன்புறம், வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு சமதளம் உண்டு. அழுக்கைத் துடைத்தால் ‘வி0114டிஇசட்’ என்பது போல ஒரு வரி தெரியும். ‘வி’ என்பது ஃபிளின்ட் இன்ஜின் ஆலை, 0114 என்பது ஜனவரி 14, கடைசி இரண்டு எழுத்துகளான ‘டிஇசட்’ 1969 இசட்/28-க்கான 302 இன்ஜின். அதோடு வண்டி எண்ணின் சுருக்கமும் குத்தப்பட்டிருக்கும். அந்த வருடத்துச் சில இன்ஜின்களில் அது ஆயில் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும். இந்தச் சுருக்கம் டேஷ்போர்டில் உள்ள எண்ணோடு பொருந்தினால்தான் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பார்கள். கியர்பாக்ஸிலும் இதே சுருக்கம் உண்டு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று தேதி வரிசை. பிளாக்கை வார்த்த தேதி வார்ப்பிலேயே இருக்கும்: எழுத்து மாதம், பிறகு நாள், கடைசி இலக்கம் வருடம். வார்த்த பிறகுதான் இன்ஜின் கோக்கப்படும், அதற்குப் பிறகுதான் அது வண்டியில் ஏறும். மார்ச்சில் வார்த்த பிளாக், ஜனவரியில் முடிந்த வண்டியில் எப்படி இருக்கும்? வண்டி முடிந்த வாரத்தைத் தீச்சுவரில் உள்ள தகடு காட்டும்: ‘01பி’ என்றால் ஜனவரி இரண்டாம் வாரம். பெயின்ட், சீட் துணிக்கான குறியீடுகளும் அதே தகட்டில்தான். நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் வாக்கிலிருந்து அதில் ‘எக்ஸ் 33’, ‘எக்ஸ் 77’ போன்ற குறிகள் சேர்ந்தன; இவ்விரண்டும் இசட்/28-க்கு உரியவை. வான் நைஸ் வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எண்ணையே மாற்றிவிட்டால்?

இங்கேதான் சிக்கல். பிளாக்கின் மேற்பரப்பைக் கடைந்து எடுத்தால் பழைய எண் போய்விடும். பிறகு வேண்டியதைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் தொழிற்சாலை இயந்திரம் அந்தச் சமதளத்தில் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகளும் கடைசலில் போய்விடும். அனுபவமுள்ளவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோடுகளைத்தான் தேடுவார்கள். எழுத்து வடிவம் சரியா, பளபளப்பு வயதுக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் பிறகு.

இன்ஜின் மாறியிருந்தாலே மோசடி என்றும் சொல்ல முடியாது. பந்தயத்துக்குப் பிறந்த வண்டி. இன்ஜினைத் தாங்காத அளவுக்கு ஓட்டியவர்கள் நிறைய. வாரன்டியில் கம்பெனி கொடுத்த மாற்று பிளாக்கில் ‘சிஇ’ என்ற எழுத்துகள் இருக்கும். அது நேர்மையான மாற்று, ஆனால் அசல் இல்லை. அதை மறைக்காமல் சொல்லி விற்பவரிடம் விலை பேசலாம்.

காகிதமும் உதவும். முதல் உரிமையாளருக்கு வாரன்டி புத்தகத்தோடு தந்த சிறிய உலோகத் தகட்டில் வண்டி எண்ணோடு இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறியீடுகள் அச்சாகியிருக்கும். அதற்கும் போலி வந்துவிட்டது. ஆலையில் வண்டியோடு போன பில்ட் ஷீட் சிலசமயம் பெட்ரோல் டேங்கின் மேலோ சீட் ஸ்பிரிங்கிலோ மடித்தபடி கிடைக்கும். எலி கடித்திருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா பிரிவிலிருந்தே விவரம் வாங்கலாம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சமதளத்தைச் சுத்தமாகத் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைக் கேட்பது வழக்கம். ஒரு துணியும் டார்ச்சும் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்கு விற்பவர் ஒரு வாரம் சாக்குச் சொன்னால், அந்த வண்டியை விட்டுவிடலாம்.