வேட்டை ஒழிந்தது, வேலை தொடர்ந்தது
பொக்ஸர் நாயின் வரலாறு

ஒரு நாயின் தோற்றத்தைக் கொண்டே அதன் பழைய தொழிலை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஜேர்மனியில் உருவான பொக்ஸர் இதற்கு நல்ல உதாரணமாகும்.

இதன் முன்னோர் ‘புல்லன்பைசர்’ எனப்பட்ட வேட்டை நாய்கள். ‘எருதைக் கடிப்பது’ என்பது அப்பெயரின் பொருள். பிரபுக்களின் பெருநிலங்களில் காட்டுப்பன்றி, கரடி போன்றவற்றைத் துரத்திப் பிடித்து, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை விடாது பற்றியிருப்பதே அவற்றின் வேலை. அகன்ற வாயும் முன்தள்ளிய கீழ்த்தாடையும் அதற்கு உதவின.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் நடத்திய யுத்தங்களால் அப்பெருநிலங்கள் பல சிதறின. வேட்டையும் அருகியது. ஆயினும் அந்நாய்கள் அழிந்துவிடவில்லை. இறைச்சிக் கடைக்காரரும் மாட்டு வியாபாரிகளும் அவற்றை வளர்க்கலாயினர். பன்றியை மறித்த அதே துணிவு, அடங்காத மாட்டை மடக்கவும் பயன்பட்டது.

பின்னர் மியூனிக் நகரில் இவை இங்கிலாந்தின் புல்டோக் இனத்துடன் கலக்கப்பட்டன. 1890களின் நடுப்பகுதியில் அங்கு பொக்ஸருக்கென ஒரு கழகம் உருவானது. முதலாம் உலக யுத்தத்தில் இந்நாய்கள் காவலுக்கும் செய்தி கொண்டு செல்லவும் பயன்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், நாடு திரும்பிய படையினர் சிலர் இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர்.

ஆண் நாய் 57 முதல் 63 சென்ரிமீற்றர் உயரமும் 30 கிலோவுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. பெண் நாய் சற்றுச் சிறியது. மயிர் குட்டையானது, நிறம் மஞ்சட்கபிலம் அல்லது வரிகளுடன் கூடிய கபிலம். பிள்ளைகளுடன் அன்பாக விளையாடும். அந்நியரைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கும். வளர்ந்த பின்னரும் குட்டியின் குறும்பு இதனை விட்டுப் போவதில்லை.

விஞ்ஞானத்துக்கும் இவ்வினம் உதவியுள்ளது. 2005ஆம் ஆண்டு நாயினத்தின் மரபணுத் தொகுதி விரிவாக வெளியிடப்பட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்தது ‘டாஷா’ என்ற பெண் பொக்ஸராகும்.

குறைகளும் உண்டு. இருதய நோயும் சிலவகைப் புற்றுநோய்களும் இவ்வினத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றன. வெள்ளை நிறக் குட்டிகளிற் சில செவிடாகப் பிறக்கின்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்தக் குட்டை மூக்கு. நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் இளைப்பதன் மூலமே தணிக்கின்றது. மூக்கு குறுகினால் அது கடினமாகின்றது.

எனவே வெப்பமான இடங்களில் பொக்ஸர் வளர்ப்போர் அதனை நிழலில் கட்ட வேண்டும். எப்போதும் தண்ணீர் வைக்க வேண்டும். நடுப்பகலில் ஓடவிடக் கூடாது. நாய் அளவுக்கு மீறி இளைத்துத் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டு சென்று உடலை நீரால் நனைத்து, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.